கண்ணைப் பார்த்துப் பேசுவது எப்படி? இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என்னுடைய முதல் இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ராத்திரி, ஹாஸ்டல் சீனியர் அண்ணன் ஒருவர் ஒரே ஒரு அறிவுரை சொன்னார்: "என்ன கேட்டாலும் கண்ணைப் பார்த்துப் பேசு. கண்ணை எடுத்தா தொலைஞ்ச." அப்படியே செய்தேன். எதிரில் இருந்தவருடைய கண்ணை இருபது நிமிடம் விடவே இல்லை. அவர் பேப்பரைப் புரட்டினார், தண்ணீர் குடித்தார், ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் விட்டேனா? கடைசியில் அவரே கேட்டுவிட்டார்: "தம்பி, எதுவும் கோபமா இருக்கீங்களா?" அந்த வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சில வருடங்களாக நானே பைனல் இயர் மாணவர்களுக்கு மாக் இன்டர்வியூ நடத்துகிறேன். மதிப்பெண் தாளில் 'ஐ கான்டாக்ட்' என்று ஒரு கட்டம் இருக்கும். சிறிய ஊர்களிலிருந்து வரும் மாணவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதில்தான் அடி விழும். அதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போது அவர்கள் செய்வது நான் அன்று செய்ததையேதான்: முறைப்பது.

"கண்ணைப் பார்த்துப் பேசு" என்பது பாதி அறிவுரை. எப்போது பார்ப்பது, எப்போது எடுப்பது என்ற மறுபாதியை யாரும் சொல்லித் தருவதில்லை. இந்தக் கட்டுரை அந்த மறுபாதிக்காக. (காதலர்களின் பார்வையைப் பற்றி நம் புலவர்கள் ஈராயிரம் வருடமாக எழுதிவிட்டார்கள். அதில் சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை.)

கண் ஏன் இவ்வளவு பேசுகிறது

கண்ணாடி முன்னால் நின்று உங்கள் கண்ணைப் பாருங்கள். கருவிழிக்கு இரண்டு பக்கமும் வெள்ளை தெரிகிறதல்லவா? குரங்கினங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த இடம் பழுப்பாகவோ கருப்பாகவோ இருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தள்ளி நின்று கண்டுபிடிப்பது கஷ்டம். கோபயாஷி, கோஷிமா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் பல குரங்கினங்களின் கண்களை ஒப்பிட்டு 1997-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மனிதக் கண்ணில் வெள்ளைப் பகுதி எவ்வளவு தாராளமாக வெளியே தெரிகிறது என்பது அதில் வந்தது. சில மனிதக் குரங்குகளுக்கும் ஓரளவு வெள்ளை உண்டு என்று பிறகு வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனாலும் நம் கண் எங்கே திரும்புகிறது என்பதை மறைப்பது நமக்குச் சிரமம்தான். வாத்தியார் கேள்வி கேட்டுவிட்டு யாரைப் பார்க்கிறார் என்று கடைசி பெஞ்சுக்கே தெரிந்துவிடுகிறதே, அது இந்த வெள்ளையால்தான்.

2002-இல் தெரேசா பரோனி என்ற ஆய்வாளரின் குழு, பிறந்து இரண்டு முதல் ஐந்து நாள் ஆன குழந்தைகளுக்கு இரண்டு முகங்களைக் காட்டியது. ஒன்று நேராகப் பார்க்கிறது, இன்னொன்று பக்கவாட்டில் பார்க்கிறது. நேராகப் பார்க்கும் முகத்தைத்தான் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. ஆக, பார்வையைத் தேடுவது கூடவே பிறந்தது. எவ்வளவு பார்ப்பது மரியாதை, எதற்கு மேல் போனால் திமிர் என்பதை வீடும் ஊரும் சொல்லித் தருகின்றன. பின்லாந்துக்காரர்களையும் ஜப்பானியர்களையும் வைத்து 2013-இல் நடந்த ஒரு ஆய்வில், நேராகப் பார்க்கப்பட்டபோது இரு தரப்பினரின் உடலும் ஒரே மாதிரிதான் எதிர்வினை காட்டியது. ஆனால் தங்களைப் பார்த்த அதே முகத்தை ஜப்பானியர்கள் 'கோபமானது, நெருங்க முடியாதது' என்ற பக்கம் சாய்த்து மதிப்பிட்டார்கள்.

நம் வீட்டில் கற்றது

அப்பா திட்டிக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால், "என்ன முறைக்கிற?" குனிந்தால், "நான் கேக்குறேன்ல, மூஞ்சியைப் பார்த்து பதில் சொல்லு!" இரண்டையும் ஒரே மனிதர் ஒரே நிமிடத்தில் சொல்வார். சின்ன வயதில் இது அநியாயமாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால், அப்பா சொன்னதில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அவர் பேசும்போது கண்ணைத் தாழ்த்து, நீ பதில் சொல்லும்போது கண்ணைத் தூக்கு. எப்போது என்ற பாடத்தை நம் வீடு நடத்தத்தான் செய்தது. ஆனால் அது திட்டு வாங்குவதற்கான நேரக்கணக்கு. இன்டர்வியூவில் அதுவே தலைகீழாகிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. யார் யாரை நேராகப் பார்க்கலாம் என்பதில் நம் ஊரில் சாதியும் நிலமும் அதிகாரமும் கலந்திருக்கின்றன. பண்ணை வீட்டு வாசலில் தலை நிமிராமல் நின்று பேசியாக வேண்டியிருந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்று ஏசி அறையில் பேனல் முன்னால் உட்காருகிறார்கள். அவர்கள் கண் மேஜையில் விழுந்தால் 'கான்ஃபிடன்ஸ் இல்லை' என்று எழுதிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். பழக்கம் வேறு, பயம் வேறு. பழக்கத்தை இரண்டு வாரத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: உங்கள் கண்ணை நீங்களே பாருங்கள்

நண்பரை எதிரில் உட்கார வையுங்கள். அவர் தோளுக்குப் பின்னால், உங்கள் முகம் தெரிகிற மாதிரி போனை நிறுத்தி ரெக்கார்ட் போடுங்கள். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று தொடங்கி ஐந்து நிமிடம் அவர் கேள்வி கேட்கட்டும்.

அப்புறம் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு வீடியோவைப் போட்டுப் பாருங்கள். குரல் இருந்தால் நாம் சொன்னதைத்தான் கேட்போம், கண்ணைப் பார்க்க மாட்டோம். மூன்று இடங்களை மட்டும் கவனியுங்கள்: அவர் கேள்வி கேட்கும்போது உங்கள் கண் எங்கே, நீங்கள் பதிலைத் தொடங்கும்போது எங்கே, வாக்கியம் முடியும்போது எங்கே.

தரையைப் பார்க்கிறவர்கள், சீலிங் ஃபேனைப் பார்க்கிறவர்கள், என்னைப் போல முறைக்கிறவர்கள் என்று மூன்று வகையினர் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீடியோக்களைப் பார்க்கப் பார்க்கத்தான் நான்காவது வகை கண்ணில் பட்டது. இவர்கள் நன்றாகவே பார்ப்பார்கள். புன்னகையோடு தொடங்குவார்கள். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி வார்த்தையிலும் கண் மேஜைக்கு இறங்கிவிடும். அதிகம் பேர் இந்த வகைதான், அதிக நஷ்டமும் இவர்களுக்குத்தான். ஏன் என்று நான்காவது படியில் சொல்கிறேன்.

படி 2: முகத்தில் எங்கே பார்ப்பது

இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. முயற்சி செய்தால் உங்கள் பார்வை இடதும் வலதுமாகத் தாவும், எதிரில் இருப்பவருக்கும் அது தெரியும். ஏதாவது ஒரு கண் போதும். அதுவும் கூச்சமாக இருந்தால் புருவத்துக்கும் வாய்க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஏமாற்று வேலையா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவின் எடித் கோவன் பல்கலைக்கழகத்தில் ஷேன் ரோஜர்ஸும் அவர் குழுவினரும், பேசிக்கொள்ளும் இருவருக்கும் கண் அசைவைப் பதிவு செய்யும் கண்ணாடியை மாட்டிவிட்டுச் சோதித்தார்கள். சிலர் பெரும்பாலும் கண்ணைப் பார்த்தார்கள், சிலர் பெரும்பாலும் வாயைப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான அவர்களின் அடுத்த ஆய்வில், எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்கிறாரா வாயைப் பார்க்கிறாரா என்பது மக்களுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. முகத்தின் பக்கம் பார்வை இருந்தாலே, 'என் கண்ணைப் பார்த்துப் பேசினார்' என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

நெற்றியை மட்டும் பார்ப்பதை நான் சொல்லித் தருவதில்லை. பொட்டோ திருநீறோ இருந்தால் அதையே பார்க்கிறீர்கள் என்று அவருக்குத் தோன்றிவிடும்.

நாற்காலி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். மைக்கேல் ஆர்கைல், ஜேனட் டீன் என்ற இருவர் 1965-இல் காட்டியது இது: இருவருக்கும் இடையே தூரம் குறையக் குறைய, கண்ணோடு கண் பார்ப்பதும் குறைகிறது. நெருக்கம் ஒரு வழியில் கூடினால் இன்னொரு வழியில் அதைக் குறைத்துக்கொள்கிறோம். லிஃப்ட்டில் எல்லோரும் மாடி எண்ணையே பார்ப்பதும், ஷேர் ஆட்டோவில் முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ரோட்டைப் பார்ப்பதும் இதனால்தான். இன்டர்வியூ அறையில் மேஜை ரொம்பச் சின்னதாக இருந்து உங்கள் கண் அடிக்கடி விலகினால் பதற வேண்டாம். முடிந்தால் நாற்காலியை அரை அடி பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: கேட்கும்போது அதிகமாகப் பாருங்கள்

ஆர்கைலின் அளவீடுகள் இங்கிலாந்தில் எடுக்கப்பட்டவை. நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் விகிதம் உதவும். கேட்கிறவர் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நேரம் பேசுகிறவரின் முகத்தைப் பார்க்கிறார். பேசுகிறவரோ ஐந்தில் இரண்டு பங்கு நேரம்தான் பார்க்கிறார். இரண்டு பேரின் பார்வையும் சந்திக்கிற நேரம் இன்னும் குறைவு. பேசும்போது விடாமல் பார்ப்பது எந்தச் சாதாரண உரையாடலிலும் நடக்காத விஷயம்.

எங்கள் மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கேள்வி வரும்போது குனிந்து, 'ஐயோ இது தெரியாதே' என்று உள்ளுக்குள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பதில் சொல்லும்போது அறிவுரை ஞாபகம் வந்து முறைக்கிறார்கள். கேள்வியின் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்பவரின் முகத்தில் கண் இருக்கட்டும். பாட்டி கதை சொல்லும்போது 'ம்' கொட்டுவோமே, அதைக் கண்ணாலும் தலையாலும் செய்தால் போதும். குறிப்பெடுக்க வேண்டுமானால் "எழுதிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டுக் குனியுங்கள். சொல்லாமல் குனிந்தால் கவனம் போய்விட்டது என்று நினைப்பார்.

படி 4: வாக்கியம் முடியும் இடத்தில் கண்ணைக் கொண்டுவந்து வையுங்கள்

ஒரே ஒரு படியைத்தான் பழக நேரம் இருக்கிறது என்றால் இதைப் பழகுங்கள்.

ஆடம் கெண்டன் என்ற ஆய்வாளர், இருவர் பேசிக்கொள்வதைப் படமெடுத்து, அதைத் துண்டு துண்டாக ஓடவிட்டுப் பார்வையைக் குறித்து, 1967-இல் வெளியிட்டார். நீளமாகப் பேசத் தொடங்குகிறவர் தொடங்கும்போது கண்ணை விலக்குகிறார். முடிக்கப் போகும்போது மறுபடி எதிராளியைப் பார்க்கிறார். அந்தக் கடைசிப் பார்வைதான் 'நான் முடித்துவிட்டேன், இனி உங்கள் முறை' என்ற சைகை. அது வராதபோது எதிராளி பேச வருவது தாமதமாகிறது.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று எங்கள் மாக் இன்டர்வியூ அறை ஞாபகம் வந்தது. மாணவி நன்றாகப் பதில் சொல்லி முடிக்கிறாள். கடைசி வார்த்தையில் கண் மேஜைக்குப் போய்விடுகிறது. பேனலில் யாரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை, அவள் இன்னும் ஏதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருக்கிறார்கள். இரண்டு விநாடி மௌனம். அவளுக்கு உதறல் எடுக்கிறது. தப்பாகச் சொல்லிவிட்டோமோ? "அவ்வளவுதான் சார்" என்கிறாள். இந்த 'அவ்வளவுதான் சார்' எத்தனை நல்ல பதில்களைக் கொன்றிருக்கிறது என்று கணக்கே இல்லை. கண் சொல்லியிருக்க வேண்டியதை வாய் சொல்ல வேண்டி வந்துவிட்டது, அதுவும் மன்னிப்புக் கேட்கிற தொனியில்.

எப்படிப் பழகுவது? ஒரு பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு:

"எங்க ஊர்ப் பக்கம் தென்னை நார் ஃபேக்டரி நிறைய. நாரை ஊற வைக்கிற தண்ணி எவ்வளவு வீணாகுதுன்னு யாருக்கும் தெரியாது. அதை அளக்கத்தான் இந்த சென்சார் பண்ணோம்."

'எங்க ஊர்ப் பக்கம்' என்று தொடங்கும்போது கண் கொஞ்சம் விலகட்டும், பரவாயில்லை. 'நிறைய' என்ற இடத்தில் முகத்துக்கு வந்துவிட வேண்டும். இரண்டாவது வாக்கியத்தில் மறுபடி விலகலாம், 'தெரியாது' என்னும்போது திரும்பி வரவேண்டும். 'சென்சார் பண்ணோம்' என்று முடித்த பிறகும் ஒரு மூச்சு விடும் நேரம் கண்ணை எடுக்காதீர்கள். அந்த ஒரு மூச்சுதான் கஷ்டம். அப்போதுதான் கண் ஓடப் பார்க்கும்.

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். 'பண்ணோம்', 'கத்துக்கிட்டேன்', 'சரி பண்ணினேன்' என்று உங்கள் வேலையைச் சொல்லும் சொல் வரும் இடமும், கண்ணைக் கொண்டுவர வேண்டிய இடமும் ஒன்றுதான். 'வினை வந்தால் விழி வரணும்' என்று மாணவர்களிடம் சொல்வேன். மோனையாக இருப்பதால் மறக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் பேசும்போது இந்த வசதி இல்லை. அங்கே கடைசி இரண்டு வார்த்தைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை விநாடி பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு எண் இருக்கிறது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த ஏறத்தாழ 500 பேரிடம், தங்களையே பார்க்கும் நடிகர்களின் வீடியோக்களைக் காட்டி, இந்தப் பார்வை கூடுதலா குறைவா என்று கேட்டார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வில் சராசரியாக வசதியாகப் பட்டது 3.3 விநாடி. ஆனால் அந்த வீடியோ முகங்கள் பேசவில்லை, சும்மா பார்த்தன. பேசிக்கொண்டே மனதுக்குள் மூன்று எண்ணினால் பதில் மறந்துபோகும். எண்ணாதீர்கள். வாக்கியத்தின் வாலைப் பிடியுங்கள், நேரம் தானாகச் சரியாக இருக்கும்.

படி 5: யோசிக்கும்போது தைரியமாகக் கண்ணை எடுங்கள்

கண்ணைப் பார்ப்பதற்கு மூளை கூலி கொடுக்கிறது. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2016-இல் ஒரு சோதனை நடந்தது. திரையில் ஒரு முகம், கூடவே ஒரு பெயர்ச்சொல். அதற்குப் பொருத்தமான வினைச்சொல்லைச் சொல்ல வேண்டும். வார்த்தை எளிதில் கிடைக்காத கடினமான கேள்விகளில், திரையிலிருக்கும் முகம் நேராகப் பார்த்தபோது பதில் தாமதமானது. ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளும் இதே பக்கம்தான். கேள்வி கடினமாக ஆக, குழந்தைகள் கேட்பவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கிறார்கள். யோசிக்கும்போது வேறு பக்கம் பார்க்கும்படி ஐந்து வயதுக் குழந்தைகளைப் பழக்கியபோது, அவர்கள் சரியான பதில் சொல்வது கூடியது.

'என்னைப் பார்த்துச் சொல்லு, அங்கே என்ன பார்வை' என்று வாய்ப்பாடு கேட்கும் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கடினமான கேள்வி வந்தால் "யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம் கண்ணை எடுத்துவிடுங்கள். எங்கே வைப்பது? மேஜையில் பக்கவாட்டில் ஒரு இடத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டில், பேனா, ஃபைல் ஓரம் என்று ஏதாவது. கைக்கடிகாரமும் கதவும் மட்டும் வேண்டாம், எப்போது கிளம்பலாம் என்று பார்ப்பதுபோல் ஆகிவிடும். பதில் கிடைத்ததும் நிமிர்ந்து, முகத்தைப் பார்த்த பிறகு பேசத் தொடங்குங்கள்.

படி 6: மூன்று பேர் உட்கார்ந்திருந்தால்

கேள்வி கேட்டவரிடம் தொடங்குங்கள், நடுவில் மற்றவர்களுக்கும் ஒரு வாக்கியம் கொடுங்கள், கேட்டவரிடமே முடியுங்கள். லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே இருக்கும் பெரியவரைத் துரத்தாதீர்கள். அவர் நிமிர்ந்தால் ஒரு பார்வை போதும்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் காரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பேனலில் ஒரு மேடம் கேள்வி கேட்கிறார். மாணவன் பக்கத்தில் இருக்கும் சாரைப் பார்த்துப் பதில் சொல்கிறான். மறுபடி மேடம் கேட்கிறார், மறுபடி பதில் சாருக்கு. பையனைக் கேட்டால், "பொம்பளைங்களை நேரா பார்க்கக் கூடாதுன்னுதான் சார்" என்பான். அவன் மனதில் அது மரியாதை. எதிரில் இருப்பவருக்கோ, தன்னை ஒரு பொருட்டாகவே மதிக்காத ஆள். பல இடங்களில் அந்த மேடம்தான் முடிவெடுப்பவர். தெருவில் ஒரு பெண்ணை உற்றுப் பார்ப்பதும், கேள்வி கேட்டவருக்கு முகம் கொடுத்துப் பதில் சொல்வதும் ஒன்றல்ல என்பதை வீட்டிலும் சொல்லித் தரவில்லை, கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை. அத்தை, சித்தி, அக்கா, டீச்சர் என்று யாரிடமாவது பத்து நிமிடம் உட்கார்ந்து இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

மாணவிகளுக்கு இதே பயிற்சி வேறு மாதிரி கஷ்டம். நேராகப் பார்த்தால் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் அவர்களுக்குத் தெருவில் கற்றுக்கொடுக்கப்பட்டது, அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. அவர்களிடம் நான் சொல்வது நான்காவது படி மட்டும்தான்: வாக்கியத்தின் முடிவில் மட்டும் பாருங்கள், மற்ற நேரம் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும்.

படி 7: வீடியோ இன்டர்வியூ

இங்கே கண்ணோடு கண் என்பதே நடக்க முடியாத காரியம். அவர் முகம் திரையில், கேமரா திரைக்கு மேலே. அவர் முகத்தைப் பார்த்தால் நீங்கள் குனிந்திருப்பதாகத் தெரியும். கேமராவைப் பார்த்தால் அவர் முகபாவம் உங்களுக்குத் தெரியாது. ஐபோனின் ஃபேஸ்டைமில், திரையைப் பார்த்தாலும் கேமராவைப் பார்ப்பதுபோல் கண்ணைத் திருத்திக் காட்டும் வசதியை 2020-இல் ஆப்பிள் கொண்டுவந்ததே இதற்காகத்தான்.

நீங்கள் செய்யக்கூடியது: லேப்டாப்புக்குக் கீழே நான்கு தடிப் புத்தகங்களை வைத்து, கேமராவைக் கண் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். வீடியோ ஜன்னலைச் சின்னதாக்கி, கேமராவுக்கு நேர் கீழே இழுத்து வையுங்கள். கேட்கும்போது முகத்தைப் பாருங்கள், வாக்கியம் முடியும்போது கேமராவைப் பாருங்கள். அதே நான்காவது படிதான்.

உங்கள் முகம் தெரியும் கட்டத்தை மறைத்துவிடுங்கள். அது இருந்தால் கண் அங்கேதான் போகும், தலைமுடியைச் சரி செய்துகொண்டே பதில் சொல்வீர்கள். வீடியோ கூட்டங்கள் ஏன் இவ்வளவு களைப்பு தருகின்றன என்று ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதியபோது சொன்ன காரணங்களில் இரண்டு இவை: பெரிய முகங்கள் பக்கத்தில் வந்து விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பது, நம் முகத்தை நாமே நாள் முழுக்கப் பார்ப்பது.

படி 8: அடுத்தவர் கண்ணைப் படிக்கப் போகிறீர்களா? மெதுவாக

'திருட்டு முழி முழிக்கிறான்' என்கிறோம். உலகம் முழுக்க இதேதான். பொய் சொல்பவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று 58 நாடுகளில் கேட்டு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மிக அதிகமாக வந்த பதில் 'கண்ணைப் பார்க்க மாட்டார்' என்பது. ஆனால் பெல்லா டிபாலோவும் அவருடன் இருந்தவர்களும் 2003-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கண்ணை விலக்குவதற்கும் பொய்க்கும் நம்பும்படியான தொடர்பு கிடைக்கவில்லை. வலது மேல்பக்கம் பார்த்தால் பொய், இடது மேல்பக்கம் பார்த்தால் ஞாபகப்படுத்துகிறார் என்ற சமாச்சாரத்தை இன்னமும் சில பயிற்சி வகுப்புகளில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். ரிச்சர்ட் வைஸ்மனின் குழு 2012-இல் அதைச் சோதித்தது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

எனக்கே இதில் ஒரு பாவக்கணக்கு உண்டு. ஒரு மாணவன் தன் புராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லும்போது கண் தரையை விட்டு வரவில்லை. காசு கொடுத்து வாங்கியது என்றே முடிவு கட்டி, "நாளைக்கு எடுத்துட்டு வா" என்றேன், கிண்டலாக. எடுத்து வந்தான். அந்த போர்டை மேஜையில் வைத்து, அதையே பார்த்தபடி அரை மணி நேரம் பேசினான். ஒவ்வொரு சாலிடரும் அவன் கையால் வைத்தது. முந்தின நாள் நான் போட்ட மதிப்பெண்ணை அடித்துத் திருத்தும்போது, கண்ணைத் தாழ்த்தியது நான்தான்.

ஒருவரை மசிய வைக்கப் பார்வையை ஆயுதமாக எடுப்பதும் பலிப்பதில்லை. பிரான்சிஸ் சென் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்டதன்படி, தனக்கு உடன்பாடில்லாத கருத்தைச் சொல்பவரின் கண்ணையே பார்த்துக் கேட்டவர்கள் மனம் மாறுவது குறைவாகத்தான் இருந்தது. சம்பளம் பேசும்போதும் வீட்டில் சண்டை தீர்க்கும்போதும் எதிரெதிரே உட்காருவதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் ஒரே பேப்பரைப் பார்ப்பது நல்லது.

இந்தப் படிகள் எல்லோருக்கும் இல்லை

ஆட்டிசம் உள்ளவர்களில் பலர், கண்ணைப் பார்ப்பது உடம்பு கூசும் அளவுக்குத் தொந்தரவாக இருப்பதாகச் சொல்கிறார்கள். முகத்தைப் பார்த்தால் காது கேட்பதில் கவனம் போய்விடுகிறது என்கிறவர்களும் உண்டு. தாடையைப் பிடித்துத் திருப்பி 'இங்கே பாரு' என்று பழக்குவது அவர்களுக்கு வதை. மாறுகண் உள்ளவர்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், கூட்டத்தைப் பார்த்தாலே வியர்த்துப்போகிறவர்கள் எல்லோருக்கும் மதிப்பெண் தாளின் அந்த ஒரு கட்டம் அநியாயம் செய்கிறது. நீங்கள் அந்த வகை என்றால், தொடக்கத்திலேயே ஒரு வரி சொல்லிவிடலாம்: "நான் பேசும்போது வேற பக்கம் பார்ப்பேன் சார், கவனமாத்தான் கேட்டுக்கிட்டு இருப்பேன்." பெரும்பாலான பேனல்கள் தலையாட்டிவிட்டு அதோடு விட்டுவிடும். நீங்கள் பேனலில் உட்காருகிறவர் என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

படி 9: இரண்டு வாரப் பயிற்சி

முதல் மூன்று நாள் கேட்பது மட்டும். வீட்டில் யார் பேசினாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர்கள் முடிக்கும் வரை முகத்தைப் பாருங்கள். அம்மா "என்னடா ஆச்சு உனக்கு?" என்று கேட்பார். கேட்கட்டும்.

நான்காவது நாளிலிருந்து வெளியே. மருந்துக்கடை, டீக்கடை, ஜெராக்ஸ் கடை. "ரெண்டு டீண்ணா" என்று சொல்லும்போது 'ண்ணா'வில் கண் அவர் முகத்தில் இருக்க வேண்டும். ஒரே வாக்கியம், ஒரே பார்வை. அவருக்கு நீங்கள் பயிற்சி செய்வதே தெரியாது. பஸ்ஸில் எதிரில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவர்களிடம் இதைச் செய்து பார்க்க வேண்டாம், வம்பு வரும்.

இரண்டாவது வாரம் உங்களை விடப் பெரியவர் ஒருவரிடம் போங்கள், தாத்தாவோ மாமாவோ பழைய ஆசிரியரோ. இந்தச் சுற்றில்தான் பலருக்குக் கண் மறுபடி தரைக்குப் போகும். அவர் பேசும்போது வழக்கம்போல் பணிவாக இருங்கள், நடுநடுவே குனிந்தாலும் தவறில்லை. உங்கள் பதிலின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் நிமிருங்கள். ஒரு சின்னப் புன்னகை கூட இருந்தால் 'முறைக்கிறான்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடைசி நாள், முதல் நாள் உட்கார்ந்த அதே நண்பரோடு அதே ஐந்து நிமிடத்தை மறுபடி ரெக்கார்ட் செய்யுங்கள். சத்தத்தைக் குறைத்துவிட்டு இரண்டு வீடியோவையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். வாய் அசைவு நிற்கும் இடத்தில் கண் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் எண்ணுங்கள். பத்து வாக்கியத்தில் ஆறு இடத்தில் முகத்துக்கு வந்திருந்தால் இன்டர்வியூவுக்குக் கிளம்பலாம்.